நூலைப் போலச் சேலையா?

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனை விரித்து எழுதுக என்று தேர்வில் கேட்டால், நற்குணமுள்ள தாய்க்கு நற்குணமுள்ள பிள்ளை பிறக்கும் என்று எழுதி முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடுவோம். நானும் அவ்வாறே எழுதியிருக்கிறேன். ஆனால் அதே பழமொழியை ஒரு தாயின் முகத்துக்கு நேரே, வேறு பொருளில் ஒருவர் சொல்லவும் கேட்டிருக்கிறேன். அந்தத் தாய் என் அம்மா. அன்று முதல் அப்பழமொழிக்கும் எனக்கும் ஒரு வழக்கு இருந்து வந்தது. அந்த வழக்கு இந்த ஆண்டு எங்கள் பள்ளி ஆய்வகத்தில், ஒரு சின்ன வெங்காயத்தின் வேரில் தீர்ந்தது. அதைத்தான் இங்கே எழுத முன்வந்தேன்.

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அன்று காலை வளைய சூரிய கிரகணம். வளையம் தெரியும் பாதை நீலகிரி, கோவை, ஈரோடு வழியாகச் சென்றது. நான் அப்போது நான்காம் வகுப்பு மாணவி. சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது, அட்டையில் ஊசித் துளையிட்டு அதன் வழியே தரையில் விழும் ஒளியைத்தான் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு அது ஆறாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சி வெளியே வரக் கூடாது என்று ஆத்தா கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். அப்பாவைப் பெற்றவர்களை நாங்கள் ஆத்தா என்றுதான் அழைப்போம். நானோ, "ஒரே நிமிஷம், அம்மா!" என்று கெஞ்சி, அம்மாவின் கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மேகம் விலகிய சிறு இடைவெளியில், சிமெண்டுத் தரையில் பட்டாணி அளவுக்கு ஓர் ஒளி வளையம் விழுந்தது. அம்மா குழந்தையைப் போலச் சிரித்தார்கள். அதற்குள் ஆத்தாவின் குரல் கேட்டது. இருவரும் இறங்கி ஓடினோம்.

2020 மார்ச்சில் தம்பி பிறந்தான். அவன் கண்கள் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருந்தன. உடம்பு துவண்டு கிடந்தது. பால் குடிக்கவே களைத்துப் போவான். மருத்துவர் பார்த்துவிட்டு, இரத்தம் எடுத்துக் குரோமோசோம் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். இரத்தம் எடுத்த சில நாட்களில், மார்ச் 25 முதல், கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. முடிவு வந்து சேரப் பல வாரங்கள் ஆயின. விடை வராத வீட்டில் ஆளுக்கொரு காரணம் முளைக்கும் அல்லவா? "கிரகணத்தப்ப வெளிய போனா இப்படித்தான் ஆகும்" என்றார்கள் ஆத்தா. பார்க்க வந்த உறவினர் ஒருவர்தான் அந்தப் பழமொழியைச் சொன்னார். அம்மா ஒன்றும் பேசவில்லை. சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

அம்மாவை மாடிக்கு இழுத்துப் போனது யார் என்று எனக்கு மட்டுமே தெரியும்.

முடிவு வந்தது. 'டவுன் சிண்ட்ரோம்' என்றார் மருத்துவர். அது ஏன் வருகிறது என்று அப்பாவுக்கு அவர் விளக்கியிருக்கலாம். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு யாரும் விளக்கவில்லை. பின்பு புதுநன்மைக்கு ஆயத்தமானபோது முதன்முதலாகப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பொய் சொன்னதைச் சொன்னேன், தோழியோடு சண்டையிட்டதைச் சொன்னேன். கிரகணத்தை மட்டும் எந்தக் கட்டளையின் கீழ்ச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

ஆண்டுகள் ஓடின. இந்த ஆண்டு எங்கள் அறிவியல் சகோதரி, பாடத்தில் உள்ளதைக் கண்ணால் காண வேண்டும் என்று சொல்லி, ஒரு சின்ன வெங்காயத்தைத் தண்ணீர்க் குவளையின் வாயில் வைத்தார்கள். மூன்றே நாளில் வெள்ளை வேர்கள் இறங்கின. வேரின் நுனியைச் சிறிது நறுக்கி, அமிலத்தில் மெதுவாகச் சூடாக்கி, அசிட்டோகார்மின் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினோம். நுண்ணோக்கியில் பார்த்தால் கட்டம் கட்டமாகச் செல்கள்! பலவற்றில் உட்கரு வெறும் சிவப்பு உருண்டையாக இருந்தது. ஒரு சிலவற்றில் மட்டும் அந்த உருண்டை கலைந்து, துண்டு துண்டான நூல்களாகக் கிடந்தது. ஒரு செல்லில் அந்நூல்கள் நடுவே வரிசையாக நின்றன. வேறொன்றில் இரு கூட்டமாகப் பிரிந்து, இரு முனைகளை நோக்கி விலகிக்கொண்டிருந்தன. அவையே குரோமோசோம்கள். வெங்காயத்துக்கு 16. மனிதருக்கு 46.

ஜெர்மானிய அறிஞர் வால்தர் ஃபிளெமிங் இக்காட்சியைக் கண்டு 1882-இல் நூலாக வெளியிட்டார். 'மைட்டாசிஸ்' என்று அவர் இட்ட பெயருக்குக் கிரேக்கத்தில் மூலச்சொல்லே 'நூல்' என்பதுதான். குரோமோசோம்கள் தாமாக நடப்பதில்லை, அவற்றை இழுத்துச் செல்லும் இழைகள் உண்டு. இரு முனைகளிலும் குவிந்து நடுவில் அகன்ற அவ்விழைகளின் கூட்டத்துக்குக் 'கதிர்' என்று பெயர். கோவை வட்டாரத்தில் பிறந்த நமக்கு இச்சொல்லை விளக்கவும் வேண்டுமா? நூற்பாலைகளின் அளவையே கதிர்களின் எண்ணிக்கையால்தானே சொல்கிறோம்! நூற்கும் கதிரின் வடிவத்தைக் கண்டுதான் இதற்கும் அப்பெயர் வைத்தார்கள்.

அவ்விழைகள் உண்மையில் குழல்கள். நுண்குழல் என்று பெயர். ஒரு நுண்குழலின் தடிமன் 25 நானோமீட்டர்தான். ஒரு தலைமயிரின் குறுக்கே ஏறத்தாழ மூவாயிரம் குழல்களை அடுக்கலாம். ட்யூபுலின் என்னும் புரத மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து குழலாகின்றன. பாசிமணி கோப்பது போல நுனியில் மணிகள் சேரச் சேரக் குழல் நீளும். திடீரென்று மணிகள் உதிர்ந்து அதே குழல் சுருங்கும். மறுபடி நீளும். இவ்வியல்பை 1984-இல் டிம் மிட்சிசன், மார்க் கிர்ஷ்னர் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். இது வீண் வேலை அன்று, தேடும் வேலை. பந்தலைத் தேடும் பாகற்கொடியின் பற்றுக்கம்பி காற்றில் துழாவுவதில்லையா? அதுபோலக் குழல்கள் நாலா பக்கமும் நீண்டு, ஒன்றும் அகப்படாவிட்டால் சுருங்கி, வேறு திசையில் மீண்டும் நீள்கின்றன. ஒவ்வொரு குரோமோசோமின் இடுப்பிலும் கைனெட்டோகோர் என்னும் பிடி இருக்கிறது. குழலின் நுனி அதில் பட்டதும் பிடித்துக்கொள்கிறது.

பிரிவதற்கு முன்பே ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போல் இன்னொன்றைச் செய்து, இரட்டைச் சகோதரிகளாக ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒருத்தியை வடமுனையின் குழல் பற்ற வேண்டும், மற்றவளைத் தென்முனையின் குழல் பற்ற வேண்டும். இரு பக்கமும் விறைப்பாக இழுபட்டால்தான் பிடி சரியாக அமைந்தது என்று பொருள். இதில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. ஒரே ஒரு குரோமோசோம் இன்னும் பற்றப்படாமல் நின்றாலும், செல் அத்தனை வேலையையும் நிறுத்திக் காத்திருக்கிறது. சுற்றுலா செல்லும்போது ஒரு பிள்ளை வந்து சேராவிட்டாலும் நம் சகோதரிகள் பேருந்தை எடுக்க விடமாட்டார்கள் அல்லவா? தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் உவமை, கண்ணுக்குத் தெரியாத செல்லுக்குள்ளும் நடைபெறுகிறது!

எல்லாம் பற்றப்பட்டதும், சகோதரிகளைப் பிணைத்த புரதக் கட்டு அறுக்கப்படுகிறது. இருவரும் எதிரெதிர்த் திசையில் புறப்படுகிறார்கள். எப்படி? இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் மலை ரயிலை நினைத்துப் பாருங்கள். 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய இந்த ரயில், கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல் சட்டத்தைத் தன் பற்சக்கரத்தால் பற்றிக்கொண்டு, ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி என்னும் செங்குத்தில் ஏறுகிறது. குரோமோசோமும் தன் பாதையைப் பற்றிக்கொண்டுதான் போகிறது. ஆனால் ஒரு வேறுபாடு. மலை ரயிலின் பாதை அசையாது. இங்கோ, குரோமோசோம் பற்றியிருக்கும் நுனியிலேயே குழலின் மணிகள் உதிர்கின்றன. பாதை நுனியிலிருந்து கரைந்துகொண்டே வர, கரையும் நுனியை விடாமல் பற்றியிருப்பதால் குரோமோசோம் முனையை நோக்கி நகர்கிறது. சில செல்களில் குழலின் மறுமுனையும் சுருங்கும். சிறு எஞ்சின்களைப் போன்ற புரதங்களும் கைகொடுக்கும். வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு மில்லிமீட்டர் போக 16 மணி நேரத்துக்கு மேலாகும். செல்லோ மிகச் சிறியது. ஆகையால் சில நிமிடங்களில் பயணம் முடிந்துவிடுகிறது.

இக்குழல்களை நிறுத்திவைக்கும் ஒரு நஞ்சு உண்டு. அது நம் கொங்கு மண்ணிலேயே விளைகிறது. நம் மாநில மலராகிய செங்காந்தளைத்தான் சொல்கிறேன். உழவர்கள் அதனைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். அங்கே என் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, விடியற்காலையில் பெண்கள் வரிசையாகச் சென்று ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் சூல்முடியில் கையால் தொட்டுத் தொட்டு வைப்பதைப் பார்த்தேன். அதன் இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு கம்பத்தைத் தேடிப் பிடிக்கும். சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன பூவும் இதுவே. ஆனால் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. தொட்டால் கைகழுவு என்று மாமா நூறு முறை சொன்னார்கள். அந்நஞ்சின் பெயர் கால்ச்சிசின். மிகச் சிறிய அளவில், மருத்துவர் சொற்படி, மூட்டு வாதத்தில் ஒரு வகைக்கு மருந்தாகும். விதை வெளிநாடுகளுக்கும் போகிறது. கால்ச்சிசின் ட்யூபுலின் மணியோடு ஒட்டிக்கொண்டால் குழல் நீளாது, கதிர் அமையாது. குரோமோசோம்கள் இரட்டித்து நிற்கும், இழுத்துப் போக ஆளிராது. அது எதனுடன் ஒட்டிக்கொள்கிறது என்று தேடிப் போன கேரி போரிஸியும் எட்வின் டெய்லரும் 1967-இல் கண்டுபிடித்த புரதமே பின்பு ட்யூபுலின் என்று பெயர் பெற்றது. தன் இலை நுனியால் பற்றுக்கோல் தேடும் கொடியே, செல்லுக்குள் தேடும் குழலை முடக்கும் நஞ்சையும் வைத்திருப்பது வியப்பன்றோ!

தாவரங்களில் இப்படிக் குரோமோசோம்கள் பிரியாமல் நின்றுவிட்டால், சில வேளைகளில் அது நன்மையாகவும் முடியும். இதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டாம். கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில், இனிப்புக் கரும்பையும் நாணல் போன்ற காட்டுக் கரும்பையும் இணைத்து கோ 205 என்னும் இரகத்தை உருவாக்கி, 1918-இல் வெளியிட்டார்கள். இனிப்புக் கரும்புக்குக் குரோமோசோம்கள் 80. கோவைக் காட்டுக் கரும்புக்கு 64. பாதி பாதி சேர்ந்தால் 72 வர வேண்டும். ஆனால் வந்ததோ 112. தாய்க் கரும்பு தன்னிடமுள்ள 80-ஐயும் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டது! அந்நிலையத்தில் 1934 முதல் 1939 வரை கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர் ஜானகி அம்மாள். தலச்சேரியில் 1897-இல் பிறந்து, சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்று, 1931-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். பின்னர் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில், மக்னோலியா கன்றுகளுக்குக் கால்ச்சிசின் இட்டு, குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். அவர் பெயரைத் தாங்கிய மக்னோலியா ஒன்று உண்டு. 1977-இல் பத்மஸ்ரீ பெற்றார். பெண் பிள்ளைக்கு எதற்கு நுண்ணோக்கி என்று கேட்ட காலத்தில் ஒருவர் நம் கோவையில் அமர்ந்து குரோமோசோம்களை எண்ணினார் என்பதை, தோழியரே, நாம் மறக்கலாகாது.

இனி என் வழக்குக்கு வருகிறேன். சகோதரி கால்ச்சிசினைப் பற்றிச் சொன்ன அன்று இன்னொன்றும் சொன்னார்கள். மனிதருக்குக் குரோமோசோம்கள் 48 என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை எண்ண முடியுமா? நிறுத்தினால்தான் எண்ணலாம். செல்களைக் கால்ச்சிசினால் பிரிதலின் நடுவில் நிறுத்தி எண்ணி, 46 என்று 1956-இல் உலகுக்கு அறிவித்தவர்கள் ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோவும், ஸ்வீடனின் ஆல்பர்ட் லெவானும். அந்த லெவான் 1938-லேயே வெங்காய வேரைக் கால்ச்சிசினில் இட்டு ஆராய்ந்தவர்! மூன்று ஆண்டுகள் கழித்து, 1959-இல், பாரிஸ் நகரில் ஜெரோம் லெஜுன், மார்த் கோத்தியே, ரெய்மோன் துர்ப்பேன் ஆகியோர், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு 47 குரோமோசோம்கள் இருப்பதையும், 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதையும் வெளியிட்டனர். லெஜுன் அப்படிப்பட்ட குழந்தைகளுக்காகவே பிற்காலம் முழுவதும் உழைத்தார். 2021-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அலமாரியில் இருந்த தம்பியின் மருத்துவக் கோப்பை எடுத்துப் பிரித்தேன். அதில் ஒரு படம். சிறு புழுக்களைப் போலக் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக எண்ணிட்டு அடுக்கப்பட்டிருந்தன. 21 என்ற எண்ணுக்கு மேல் மூன்று. எண்ணிப் பார்த்த எல்லாச் செல்லிலும் 47 என்று கீழே எழுதியிருந்தது. தம்பியின் இரத்தச் செல்களை மூன்று நாளளவும் வளர்த்து, கால்ச்சிசினோ அதன் உறவான கொல்செமிடோ இட்டு, குழல்களை நிறுத்தி எடுத்த படம் அது என்று இப்போது எனக்குத் தெரியும்.

'எல்லாச் செல்லிலும்' என்ற சொல்லில் என் கண் நின்றது. ஒரு மனிதர் ஒரே செல்லிலிருந்துதான் தொடங்குகிறார். அந்த முதல் செல் இரண்டாகி, நான்காகி, கோடியாகிறது. இடையில் எங்கோ பிசகியிருந்தால் சில செல்லில் 46-உம் சில செல்லில் 47-உம் கலந்திருக்கும். எல்லாவற்றிலும் 47 என்றால், முதல் செல்லிலேயே 47 இருந்திருக்க வேண்டும். அதாவது தம்பி உருவான முதல் நாளே, 2019-ஆம் ஆண்டின் நடுவிலேயே, அது முடிந்துபோன செய்தி. கிரகணமோ டிசம்பர் 26! ஆறு மாதத்துக்கு முன் நடந்ததை ஓர் ஒளி வளையம் எப்படிச் செய்திருக்கும்?

மறுநாள் சகோதரியிடம் ஓடினேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சகோதரி பொறுமையாகக் கேட்டு, நான் கண்டது சரி என்றார்கள். பிறகு இன்னும் ஒன்றை விளக்கினார்கள். முட்டைச் செல் உருவாகும்போது 46 பாதியாகி 23 ஆக வேண்டும். இதற்குக் குன்றல் பிரிவு என்று பெயர். ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைச் செல்கள் இப்பிரிவைத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகின்றன. பல ஆண்டுகள் காத்திருந்து, அவள் வளர்ந்த பிறகே ஒவ்வொன்றாகத் தொடர்கின்றன. என் தம்பியாகப் போகும் செல், என் அம்மா அம்மாயியின் வயிற்றில் இருந்தபோதே காத்திருக்கத் தொடங்கிவிட்டது! அவ்வளவு காலம் குரோமோசோம்களைப் பிணைத்திருக்கும் கட்டு தளர்ந்துபோவது ஒரு முக்கியக் காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். தாயின் வயது கூடக் கூட வாய்ப்பும் கூடும். ஆயினும் இளம் தாய்மார்க்கும் நேர்வதுண்டு. சில வேளைகளில் தந்தையின் அணுவிலும் நேரும். குழல்கள் இழுக்கும் கணத்தில் 21-ஆம் ஜோடி பிரியாமல் ஒரே பக்கம் போய்விட்டால், முட்டையில் 24. அதனோடு தந்தையின் 23 சேர்ந்தால் 47. உலகில் ஏறத்தாழ 700 முதல் 1000 குழந்தைகளுக்கு ஒருவர் இவ்வாறு பிறக்கிறார்கள். அம்மா உண்டதாலும் இல்லை, நடந்ததாலும் இல்லை. "யாருடைய பாவமும் இதில் இல்லை, பிள்ளாய்" என்று சகோதரி என் தலையில் கைவைத்தார்கள்.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். "அடி பைத்தியமே, ஆறு வருசமா இதையா சுமந்துட்டு இருந்தே?" என்று என்னைக் கட்டிக்கொண்டார்கள். அம்மா தாம் அந்த நாட்களில் ஒரு நாள் தின்ற பப்பாளித் துண்டை நினைத்து வருந்திக்கொண்டிருந்தார்களாம். அப்பாவோ, மேடு பள்ளமான சாலையில் அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிப் போனதை நினைத்துக்கொண்டிருந்தார்களாம். ஒரே வீட்டில் மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், இல்லாத குற்றத்தைத் தனித்தனியே சுமந்திருக்கிறோம். ஆறு வயது நிறையப் போகும் தம்பி மட்டும் எதையும் சுமக்காமல் நடுவில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆத்தாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. ஆத்தா சிறுமுகையில் நாற்பது ஆண்டுகள் கைத்தறி நெய்தவர்கள். குரோமோசோம் என்றால் புரியாது. நூல் என்றால் புரியும். ஆகவே கதிரைச் சொன்னேன், இழையைச் சொன்னேன், இரு பக்கமும் பிரிந்து போக வேண்டிய இழை ஒன்று நழுவி ஒரே பக்கம் போய்விட்டதைச் சொன்னேன். "கிரகணத்துக்கு ஆறு மாசம் முந்தியே நடந்துடுச்சுங்க ஆத்தா. அம்மாவை மாடிக்குக் கூட்டிட்டுப் போனது நாந்தானுங்க" என்றேன். ஆத்தா நெடுநேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு மெல்லச் சொன்னார்கள்:

"ஏங்கண்ணு, நல்ல நூலுதான், நல்ல பாவுதான், நெய்யறவளும் கெட்டிக்காரிதான். இருந்தும் ஒருநா ஒரு இழை நழுவிப் போகும். அதுக்கு நூலையா ஏசுவாங்க? உங்கம்மாவ நாந்தான் ஏசிப்புட்டேன்."

அன்று இரவு ஆத்தா அடுப்படிக்குப் போய், அம்மாவை உட்காரச் சொல்லி, தம் கையால் தோசை வார்த்துப் போட்டார்கள். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் வழங்குவதில்லை. இரண்டாவது தோசையை அம்மாவின் தட்டில் வைக்கும்போது ஆத்தாவின் கை நடுங்கியது. அம்மா குனிந்தபடியே சாப்பிட்டார்கள். போதும் என்று சொல்லவே இல்லை.

நழுவியது இழைதான். அதனால் என் தம்பியே ஒரு பிழை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒன்று முதல் பத்து வரை எண்ணும்போது ஏழை மட்டும் எப்போதும் விட்டுவிடுவான். ஆனால் ஆத்தாவின் வெற்றிலைப் பெட்டி எங்கே இருக்கிறது என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். மாலையில் நான் வரத் தாமதமானால் வாசற்படியை விட்டு எழமாட்டான். ஒருவர் வந்து சேரும் வரை காத்திருக்க அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் நாள். 21-ஆம் குரோமோசோம் மூன்று என்பதால், மூன்றாம் மாதம் 21-ஆம் தேதியைத் தேர்ந்தார்கள். 2012 முதல் ஐக்கிய நாடுகள் அவையும் இதைக் கடைப்பிடிக்கிறது. அந்நாளில், இம்மலரைப் படிக்கும் பெற்றோர்களே, தோழியரே, உங்கள் தெருவில் இப்படி ஒரு குழந்தை இருந்தால் அதன் தாயிடம் காரணம் கேட்காதீர்கள். குழந்தையின் பெயரைக் கேளுங்கள்.

2031-ஆம் ஆண்டு மே 21-இல் தமிழகத்தின் தென்பகுதியில் மீண்டும் ஒரு வளைய கிரகணம் தெரியுமாம். எங்கள் ஊரிலும் சூரியன் பெரும்பகுதி மறையும். அன்று அட்டையில் ஊசித் துளையிட்டு, தம்பியின் கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்வேன். அம்மாவும் வருவார்கள். ஆத்தாவையும் கேட்டேன். "படியேற முடிஞ்சா வர்றேன், கண்ணு" என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை ஆத்தாவுக்கு நல்ல சுகத்தைத் தரும்படி இறைவனை வேண்டுகிறேன்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி